சீதன மில்லின் தூசி

எங்கள் வீட்டில் இருமல் என்றால் அது இவருடைய இருமல்தான். இவர் என்று நான் சொல்வது என் கணவரை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, எழுதவும் கை வரமாட்டேன் என்கிறது. காலையில் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யக் குழாயடிக்குப் போகும்போதே அந்த இருமல் தொடங்கிவிடும். அதைக் கேட்டுத்தான் சுபஹுத் தொழுகைக்கு எழும்புவதாக அடுத்த வீட்டு ராத்தா ஒரு நாள் பகிடி விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நற்பிட்டிமுனைப் பக்கம் எங்களுக்கு ஒரு நெல் மில் இருக்கிறது. என் வாப்பா கட்டியது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் இருப்பார். வாப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை என்பதால் வீட்டோடு மில்லையும் எழுதித் தந்துவிட்டார். கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த இவர் மில்காரர் ஆனார். ஊரே இவருடைய அதிர்ஷ்டத்தைப் பற்றிக் கதைத்தது. நானும் கொஞ்சம் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன், பொய் சொல்வானேன்.

எங்களுக்கும் ஒரே மகள். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அவளுக்கும் இதே வீடு, இதே மில். நாங்கள் இருவரும் பின்வளவில் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவதாக ஏற்பாடு. ஆனால் மில்லை ஓடுகிற மில்லாகக் கொடுக்க வேண்டும். பூட்டிக் கிடக்கிற மில்லை எந்த மாப்பிள்ளை வீட்டார் சீதனம் என்று மதிப்பார்கள்? இவருடைய நெஞ்சா, மகளுடைய கலியாணமா என்று எங்களிடம் யாரும் நேராகக் கேட்கவில்லை. ஆனால் இவ்வளவு காலமும் அந்தக் கேள்விக்குள்தான் நாங்கள் குடும்பம் நடத்தினோம்.

பெரும்போக அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் தொல்லைதான். சவளக்கடைப் பக்கம் மெஷினால் வெட்டிய நெல்லை ஈரத்தோடு அப்படியே லொறியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். காயப்போட வெயில் இருக்காது. சாக்கில் கட்டி ஸ்டோருக்குள் அடுக்கிவைத்து, பிறகு அவிழ்த்தால் உள்ளே பூஞ்சணம் பிடித்திருக்கும். சாம்பல் நிறத்தில் தூசி புகை மாதிரி எழும்பும். மற்றவர்கள் முகத்தைத் திருப்புவார்கள். இவர் திருப்பமாட்டார். கையை முழங்கைவரை சாக்குக்குள் விட்டு, அடியில் கிடக்கும் நெல்லை அள்ளி, மூக்கோடு வைத்து மணந்து பார்ப்பார். எந்த மூட்டையை முதலில் குற்ற வேண்டும், எது இன்னும் தாங்கும் என்று மணத்தை வைத்தே சொல்லிவிடுவார். மில்லுக்கு வருகிற வெள்ளாண்மைக்காரர்கள் அதைப் பார்க்கவென்றே நிற்பார்கள். இவருக்கு அதில் ஒரு பெருமை.

அப்படி மணந்த நாட்களில் பொழுதுபட்டதும் குளிர் எடுக்கும். மேலெல்லாம் காயும், நெஞ்சு இறுகும், இருமி இருமிக் கண் சிவந்துவிடும். விடிந்தால் ஓரளவு சுகம். உடனே சட்டையைப் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போய்விடுவார்.

“ஒண்டுமில்ல புள்ள, பனிதான். சும்மா நீயும் பயந்து மத்தவங்களையும் பயப்படுத்தாத” என்பார்.

“எந்த ஊர்ல வெயில் காலத்துல பனி பெய்யிது? எனக்கும் காட்டுங்களன்” என்பேன்.

வாய்க்கு வாய் கதைத்தாலும் விடாமல் டொக்டர்மாரிடம் கூட்டிப்போனேன். ஒரு டொக்டர் மூச்சு இழுப்பு என்று சொல்லி வாயில் அடிக்கிற பம்ப் கொடுத்தார். இன்னொருவர் கசம் என்கிற காசநோயாக இருக்கலாம் என்றார். கசம் என்ற சொல் எங்கள் ஊரில் வீட்டு வாசலைத் தாண்டினால் போதும், பெண்பிள்ளையைக் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். சளியைச் சோதித்து முடிவு வரும்வரை நான் யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கசமில்லை என்று வந்ததும் பால்சோறு ஆக்கி அயலெல்லாம் கொடுத்தேன். என்னத்துக்குப் பால்சோறு என்று கேட்டவர்களுக்கு, சும்மா நேர்ந்துகொண்ட நிய்யத்து என்றேன். இருமல் மட்டும் நின்றபாடில்லை.

போன நோன்புக்குக் கடைசிப் பத்தும் பள்ளியில் இஃதிகாப் இருக்கப்போவதாக இவர் சொன்னார். பள்ளிக்குள்ளேயே தங்கி, தொழுது, ஓதி, அங்கேயே படுத்து எழும்புவது. இருக்கிறவர்கள் தேவையில்லாமல் வெளியே வரக்கூடாது. அறுவடை மும்முரமாக நடக்கிற நேரம். மில்லை வேலையாட்களிடம் விட்டுவிட்டு இவர் பாயும் தலையணையுமாகப் போனார். நெஞ்சு சுகப்பட வேண்டும் என்பதுதான் நிய்யத்து. நான் மகனில்லாத வீட்டுக்காரி; பக்கத்து வீட்டுப் பெடியனிடம் நோன்பு திறக்கக் கஞ்சி கொடுத்தனுப்புவேன், திரும்பி வந்ததும் அவனைப் பிடித்து, “இருமினாரா?” என்று கேட்பேன். முதலில் கொஞ்சம் என்றான். பிறகு இல்லை என்றான். கடைசியில், குர்ஆனைச் சத்தமாக ஓதிக்கொண்டிருந்தார் என்றான். சுப்ஹானல்லாஹ்! நான் குசினி அடுப்படியில் நின்றபடியே அழுதேன்.

பெருநாள் பிறை கண்டு வீட்டுக்கு வந்தபோது இவருடைய முகத்தில் வெளிச்சம் இருந்தது. படி ஏறியும் மூச்சு வாங்கவில்லை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பெருநாளைக்கு வந்தவர் போனவர் எல்லாரிடமும், பள்ளியில் இருந்ததால் இவருக்குச் சுகம் வந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தேன்.

பெருநாள் கழிந்து மில்லைத் திறந்தார். அன்று பின்னேரமே குளிரும் காய்ச்சலும் வந்தது.

“கண்ணூறுதான் கா. நீ ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சா படாம என்ன செய்யும்?” என்றார் அடுத்த வீட்டு ராத்தா. எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. செத்தல் மிளகாயும் உப்பும் கடுகும் எடுத்து இவருடைய தலையைச் சுற்றி அடுப்பில் போட்டேன். கண்ணூறு இருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள். நெடியா வந்தது! வீடே கமறியது. இவருக்கு மூச்சுத் திணறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்; உதடு நீலம் பாய்ந்துவிட்டது. மகள் ஓட்டோ பிடித்து வந்தாள். ஆஸ்பத்திரியில் வாயில் ஒட்சிசன் வைத்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அங்கிருந்து நெஞ்சு நோய் வருத்தங்கள் பார்க்கிற டொக்டரிடம் அனுப்பினார்கள். ஆள் இளம் வயது, முஸ்லிம் இல்லை, தமிழர். எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார், முதுகில் குழாயை வைத்துக் கனநேரம் கேட்டார். பிறகு நாங்கள் நினைத்தும் பார்க்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

“ஐயா, இந்த வருத்தம் தொடங்கின பிறகு எப்பயாவது முழுசா சுகமா இருந்தீங்களா?”

“ஓம் டொக்டர். நோம்புக் கடைசிப் பத்துல. பள்ளியில இஃதிகாப் இரிந்தன். ஒரு இருமல் இல்ல.”

“அந்த நாளையில மில்லுக்குப் போனீங்களா?”

“இஃதிகாப் இரிந்தா வெளிய வர ஏலாதே.”

“மறுபடி எப்ப போனீங்க?”

“பெருநாள் கழிஞ்சு.”

“அண்டைக்குப் பின்னேரம் எப்படி இருந்தது?”

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. “டொக்டர், சுகம் வந்தது அல்லாஹ்ட ரஹ்மத்து. மறுகாதான் கண்ணூறு பட்டுட்டு” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “ரஹ்மத்து இல்ல எண்டு நான் சொல்லல்ல அம்மா. ஆனா அந்தப் பத்து நாளும் இவர் தூசி குடிக்கல்ல” என்றார்.

பிறகு அவர் விளக்கியதை எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். பூஞ்சணத் தூசி நுரையீரலின் அடிவரை போகிறது. இவருடைய உடம்பு அதை எதிரி என்று நினைத்துச் சண்டை பிடிக்கிறது. அந்தச் சண்டையில் நுரையீரலே வீங்குகிறது. தூசியை விட்டால் வீக்கம் வற்றும். விடாமல் வருடக்கணக்கில் போனால் வீக்கம் தழும்பாகிவிடும். தழும்பு பட்ட இடம் திரும்ப மூச்சு வாங்காது. மில்லில் நிற்கிற எல்லாருக்கும் இது வருவதில்லை. சிலருக்கு வரும், யாருக்கு என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. முதல் மருந்து மில்லை விடுவது, குளிசை, மாத்திரையெல்லாம் அதற்குப் பிறகுதான் என்றார்.

வாயில் குழாயை வைத்து ஊதுகிற சோதனையும் செய்தார்கள். “ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்” என்று உள்ளே ஒரு நேர்ஸ் பிள்ளை கத்திக்கொண்டிருந்தாள். வெளியே வாங்குப் பலகையில் இருந்த நானும் என்னையறியாமல் கன்னத்தை உப்பி ஊதிக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த மனுசி, “உங்களுக்கும் வருத்தமா?” என்று கேட்டாள்.

குளிசை நன்றாக வேலை செய்தது. அதுதான் எங்களுக்கு வினையானது. காய்ச்சல் நின்றது, இருமல் குறைந்தது, பசி வந்தது. சோற்றைக் கண்டால் விடமாட்டார். முகம் உருண்டு பூரித்துப்போனது. இரத்தத்தில் சீனி கூடி அதற்கும் ஒரு குளிசை சேர்ந்தது. திடீரென்று நிறுத்தக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்ததால் நானே எண்ணிக் கையில் கொடுப்பேன். ஒரு நாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் போனவர் இருட்டின பிறகு வந்தார். பள்ளியில் கூட்டம் என்றார். குளித்தார், சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் போர்வையைத் தேடினார். நெற்றியில் கையை வைத்தேன்; கொதித்தது.

“மில்லுக்குப் போனீங்களா இல்லையா?”

“வாயக் கட்டிக்கிட்டுத்தான் போனன். கொரோனாவுக்குப் போட்ட மாஸ்க் இரிந்தது.”

“உங்களுக்கு மௌத்தாக அவசரமெண்டா சொல்லிட்டுப் போங்க. நான் வெள்ளப் புடவை வாங்கி வைக்கிறன்!”

சொல்லிவிட்டு என் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அஸ்தஃபிருல்லாஹ், என்ன பேச்சு அது! இவருக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போர்வைக்குள் இருந்து மெதுவாகச் சொன்னார்: “மகள்ட காரியம் முடியட்டும் புள்ள. அதுவரைக்கும் மில் ஓடணும். மறுகா மூச்சு இரிந்தா என்ன, இல்லாட்டி என்ன.”

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. இவர் எங்கே இருந்தாலும் என் காது அங்கேதான் இருக்கும். தொழும்போதுகூட அடுத்த அறையில் மூச்சு எப்படிப் போகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பேன். எத்தனை றக்அத் தொழுதேன் என்பதே மறந்துபோகும்.

மட்டக்களப்பில் ஸ்கேன் எடுத்தோம். நுரையீரலின் அடிப்பக்கத்தில் தழும்பு விழத் தொடங்கிவிட்டது என்று டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றலாம், அதுவும் இப்போது நிறுத்தினால் மட்டும் என்றார்.  அதற்குப் பிறகு மில்லுக்குள் கால் வைக்கவில்லை. வேலையாட்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். நெல்லைக் காயவைக்காமல் அடுக்கக்கூடாது, நல்ல மாஸ்க் இல்லாமல் சாக்கை அவிழ்க்கக்கூடாது என்று ஒழுங்கு வைத்தார். மற்றதெல்லாம் ஃபோனில்தான்.

இந்த நேரத்தில்தான் மகளுக்கு ஒரு இடம் சரிவந்தது. நல்ல குடும்பம். பெடியன் விவசாயம் படித்தவன், அமைதியான பிள்ளை. அவனுக்கு மில்லில் விருப்பம் என்றும், கலியாணத்துக்குப் பிறகு முழுநேரமாக அதைப் பார்க்கப்போவதாகவும் தரகர் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு.

அன்று காலையிலேயே நான் இவரை இருத்திப் பாடம் நடத்தினேன். பம்பை முன்கூட்டியே அடித்துக்கொள்ள வேண்டும். இருமல் வந்தால் சும்மா சளித்தடிமல் என்று சொல்ல வேண்டும். வருத்தத்தைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. கலியாணம் முடிந்து, பெடியனும் எங்கள் பிள்ளை ஆன பிறகு, பதமாக எடுத்துச் சொல்லி மாஸ்க்கைப் போடவைப்போம்.

“டொக்டரே சொன்னாருதானே, எல்லாருக்கும் வராதெண்டு” என்றேன். இவர் எழும்பிக் குளிக்கப் போய்விட்டார். 

வந்தார்கள். ஆண்கள் ஹோலில் இருந்தார்கள், மாப்பிள்ளையின் உம்மாவும் நானும் உள் அறையில். நடுவில் திரையாக ஒரு சீலை மட்டும். வட்டிலாப்பம் வைத்தேன், பால் தேத்தண்ணி கொடுத்தேன். அந்த மனுசி வரும்போதே இவரைப் பார்த்திருக்கிறார். “உங்கட ஆள் நல்லா சதை வெச்சு, மினுமினுப்பா இரிக்காரு. மில் நல்லா ஓடுது போல” என்றார். குளிசையால் வீங்கிய முகம் அது. நான் சிரித்து வைத்தேன்.

சீலைக்கு அந்தப் பக்கம் வீடு, காணி, வயல் என்று பேச்சுப் போனது. இவர் இருமவில்லை. ஒவ்வொரு நிமிடமும் நான் உள்ளுக்குள் ஸலவாத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் மாப்பிள்ளையின் வாப்பா சொன்னார்: “மகன் வாற மாசமே மில்லுக்கு வந்து பழகட்டும். நீங்க கூட நிண்டு எல்லாத்தையும் காட்டிக் குடுங்க.”

இவர் ஓம் என்று சொல்லவேண்டிய இடம் அது.  

“மகன்” என்றார் இவர். அந்தப் பெடியனைத்தான் கூப்பிட்டார். “உங்களுக்கிட்ட மறைச்சுச் சீதனம் தர என்னால ஏலாது. அந்த மில்லுக்குள்ள நிண்டுதான் என்ட நெஞ்சு பழுதாப் பெய்த்து.” மூச்சு எடுத்தார். “கசமில்ல. தொத்துற வருத்தமில்ல. ஈரநெல்லுத் தூசி. எல்லாருக்கும் வராதாம். உங்களுக்கு வருமா வராதா எண்டு டொக்டருக்கும் தெரியா, எனக்கும் தெரியா.” மறுபடி மூச்சு. “நெல்லக் காயவெச்சு, ஸ்டோருக்குக் காத்து விட்டு, கவனமாச் செய்தா குறையும். தெரிஞ்சு எடுக்கிறதெண்டா எடுங்க. இல்லாட்டி மில்ல வித்து மகளுக்கு வேற ஒண்டு குடுக்கிறன்.”

மாப்பிள்ளையின் உம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “உண்மையா தொத்தாதா?” என்று என்னிடம் கேட்டார். தொத்தாது என்றேன். “பரம்பரையில வருமா?” வராது என்றேன். வட்டிலாப்பத்தில் பாதி அப்படியே கிடந்தது. கொஞ்ச நேரத்தில் எழும்பிவிட்டார்கள். யோசித்துச் சொல்வதாக, இன்ஷா அல்லாஹ், என்றார்கள். பெடியன் மட்டும் போகும்போது இவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்து முஸாபஹா செய்தான். இன்றுவரை அவர்களிடமிருந்து பதில் இல்லை. மகள் ஒரு வார்த்தை கேட்பதில்லை, கேட்டாலாவது பரவாயில்லை.

வேன் ஒழுங்கைச் சந்தில் திரும்பியதும் நான் ஹோலுக்குள் வந்தேன். எனக்குள் அடுப்பு எரிந்தது.

“வாய மூடிட்டு இரிக்க ஏலாதா உங்களுக்கு? புள்ளட வாழ்க்கைய இப்படிப் போட்டு உடைச்சீங்களே! ஊருல நாளைக்கே கதைப்பாங்க. எத்தின பேர் அந்த மில்லுக்குள்ள நிண்டாங்க, அவங்களெல்லாம் நெஞ்சப் பொத்திக்கிட்டா திரியிறாங்க?”

இவர் கதிரையில் சாய்ந்திருந்தார். அவ்வளவு கதைத்த களைப்பு. நான் ஏசி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா பீடி குடிச்சாரா புள்ள?”

மாமா என்று இவர் சொல்வது என் வாப்பாவை.

“என்ன கேள்வி இது? என்ட வாப்பா பீடியும் குடிச்சதில்ல, சுருட்டும் குடிச்சதில்ல. வெத்தல கூட வாயில வெச்சதில்ல. இப்ப என்னத்துக்கு அவர இழுக்கிறீங்க?”

“மறுகா ஏன் புள்ள அவர் அப்பிடி இருமினாரு?”

நான் வாயைத் திறந்தேன். இழுப்பு என்று சொல்லத்தான் திறந்தேன். அப்படித்தான் அந்தக் காலத்து டொக்டர் சொன்னார், அப்படித்தான் உம்மா சொன்னார், வாப்பாவின் வருத்தத்தைப் பற்றி யார் கேட்டாலும் நானும் இவ்வளவு காலமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன். மில்லை இவரிடம் ஒப்படைத்த பிறகு வாப்பாவால் படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து, இருந்தபடியேதான் நித்திரை கொள்வார். அறுவடை நேரம் இவருக்குத் தொழில் காட்டிக் கொடுக்கப் போய்வந்த நாட்களில் பொழுதுபட்டதும் போர்வை கேட்பார். உம்மா அதைப் பனி என்பார். மௌத்தாகும்போது வாப்பாவுக்கு, இவருக்கு இப்போது இருக்கிற வயதுகூட இல்லை.